மீஞ்சூரில் இறங்காத சாயங்காலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலைப் பாசஞ்சரில் பெண்களுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்தது அந்தப் பெட்டியில்தான். கரி எஞ்சின் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் புழுங்கிச் சாகவேண்டும். ஆனாலும் ஜன்னலுக்குத்தான் சண்டை.

பாரிமுனையில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. நைனாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம், அதைத் தவிர வேறு உலகம் கிடையாது. வயசுப் பெண்ணைத் தினமும் ரயிலேற்றி விடுகிறாரே என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "டிக்கெட் எடுத்துக்கினு தானே போவுது? ஓடியா போவுது?" என்று சொல்லிவிட்டு வரப்பு வெட்டப் போய்விட்டார். அவர் பேசிய பேச்சுகளிலேயே எனக்குப் பிடித்தது அது.

வண்டி எங்கள் ஊரில் புறப்படுவதால் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும். பொன்னேரியில் ஒரு டீச்சர் ஏறுவார். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது, கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. மெலிந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருந்தார் என்று தெரியாது. அதே பொன்னேரியில், பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நண்டுக் கூடையோடு ஏறுகிறவள் ஒருத்தி. வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருத்தெருவாக விற்பாள். அவளை எல்லோரும் நண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூடை நாறுகிறது என்று சிலர் மூக்கைப் பிடித்ததால் கதவோரம் உட்காருவாள். அங்கிருந்தபடியே பெட்டி முழுவதையும் ஆள்வாள்.

பெட்டியில் கதை வாசிப்பு ஆரம்பித்ததே அவளால்தான். ஒரு வியாழக்கிழமை டீச்சர் அன்று வந்த வாரப்பத்திரிகையைப் பிரித்து, தொடர்கதையைத் தனக்குள் படித்துக்கொண்டிருந்தார். நண்டு அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, உங்க மூஞ்சி போற போக்கப் பாத்தா எதோ பேஜாரு மேட்டரு போலக் கீதே. நீங்க மட்டும் படிச்சிக்கினா எப்டி? வாய வுட்டுப் படிங்க. எங்க காதுலயும் வுழட்டும்."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். எஞ்சின் ஊதினாலும் அவர் வாக்கியம் அறுபடவில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் எங்கள் பெட்டியில் நிற்க இடம் கிடைக்காது. பக்கத்துப் பெட்டிகளில் கணவனோடு வருகிற பெண்கள்கூட அன்றைக்கு மட்டும் எங்களிடம் வந்துவிடுவார்கள்.

கதை ஒரு டாக்டரைப் பற்றியது. ஊரெல்லாம் கும்பிடும் டாக்டர். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுப்பவர். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் மனைவியை அடிப்பவர். அவளுடைய சொல்லை ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவள் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு வாரமும் சரியாக மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போது, அல்லது விளக்கு அணையும்போது, 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லை டீச்சர் படித்ததும் பெட்டியே "அய்யோ" என்று கத்தும். பிறகு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் தகராறுதான்.

எழுதியவர் பெயர் பெண் பெயர். ஆனால் நண்டு அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. "இது ஆம்பள எழுதுனது. பொம்பளையா இருந்தா, அவ்ளோ அடி வாங்குனவ மறுநாள் காலைல தல நெறயப் பூ வெச்சிக்கினு நிப்பான்னு எழுதுவாளா?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. கவரப்பேட்டையில் ஏறும் வயதான அம்மா ஒருத்தர், "புருசன்னு இருந்தா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான். இதப் போயி கதையா எழுதிக்கினு" என்றார்.

"எங்க ஊட்டுக்காரும் ஒருவாட்டி கைய ஓங்குனாரு" என்றாள் நண்டு அக்கா. "நான் அப்ப படகுலேர்ந்து எறங்கிக்கினு இருந்தேன். கையில துடுப்பு இருந்துச்சி."

"அப்பறம்?" என்றேன் நான்.

"அப்பறம் இன்னா? அவரு கையி தன்னால கீழ வந்துடுச்சி."

அப்படி எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஒருத்தி இருந்தாள். மீஞ்சூரில் ஏறுவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வண்ணாரப்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. யாராவது எழுந்து இடம் கொடுத்தால் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உட்காருவாள். இல்லாவிட்டால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேசமாட்டாள். தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் வியாழக்கிழமைகளில் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

ஒரு வாரம், டாக்டர் மனைவியை மாடி அறையில் போட்டு வெளியே பூட்டிவிட்டு வெளியூர் போய்விடுகிறார். தொடரும். உடனே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தோம். புடவைகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்கலாம் என்றேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறதே என்றார் டீச்சர். ஓட்டைப் பிரிக்கட்டும் என்றாள் நண்டு அக்கா. மாடி வீட்டுக்கு ஏது ஓடு என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மீஞ்சூர் அக்காவின் குரலை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம்.

"வெளிய தானே பூட்டிக்கினு போனான்?"

டீச்சர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "ஆமா, வெளியேதான்" என்றார்.

"அப்பன்னா இன்னிக்கி அவளுக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றாள் அவள். "வெளிய பூட்டுனா நிம்மதி. உள்ள தாப்பா போட்டுக்கினு அவனும் உள்ளயே இருந்தாதான் பயம்."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி எண்ணூர் ஆற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.  கவரப்பேட்டை அம்மா தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுசாகப் படிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மீஞ்சூர் அக்கா ஏறி உட்கார்ந்ததும் டீச்சர் வகுப்பு ஆரம்பிப்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதையில வர்ற பொண்ணுக்குத் தாய்வீடு இல்லையா?"

கதையில் அவளுக்கு அப்பாவும் அம்மாவும் செத்துப்போனதாக முதல் வாரமே வந்துவிட்டது. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என் காலை நன்றாக மிதித்தார்.

மீஞ்சூர் அக்கா வெளியே பார்த்தபடியே சொன்னாள். "கீது. அம்மா அண்ணன் ஊட்ல கீறாங்க. ரெண்டு வாட்டி போனா. அவரு நல்லவரு, நீதான் வாய அடக்கணும்னு சொல்லி அண்ணனே திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டான்."

"கொழந்த குட்டி?" என்று நண்டு அக்கா மெதுவாகக் கேட்டாள். அவளால் மெதுவாகப் பேச முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இல்ல."

அதற்குப் பிறகு எங்கள் பெட்டியில் இரண்டு கதைகள் ஓடின. வியாழக்கிழமை பத்திரிகையில் வருவது ஒன்று. மற்ற நாட்களில் நாங்களே பேசிப்பேசி நகர்த்தியது இன்னொன்று. இரண்டிலும் வருகிறவளை 'கதைல வர்றவ' என்றே சொன்னோம். யாரும் யாரையும் பார்த்து, உனக்கா இது நடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மறுநாள் வேறு பெட்டியில் ஏறியிருப்பாள். கதையில் வருகிறவளைப் பற்றி என்றால் அவள் எதையும் சொன்னாள். எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று அவனுக்குத் தெரியும் என்றாள். ஊரில் அவனுக்கு நல்ல பெயர் என்றாள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக மீஞ்சூர் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பானாம். பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு அக்கறை என்பார்களாம்.

"கதைல வர்றவளுக்குக் கைத்தொழில் தெரியுமே. அவளுக்கு இருக்கறதுக்கு ஒரு எடம்தானே வேணும்?" என்றார் டீச்சர் ஒருநாள். "பொன்னேரில எங்க வீட்டுப் பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் பூட்டிக் கெடக்கு. அவ வந்து இருக்கலாம்."

"மீனுக்கும் நண்டுக்கும் நானாச்சி" என்றாள் நண்டு அக்கா.

மீஞ்சூர் அக்கா திரும்பி டீச்சரையே பார்த்தாள். "அவ வந்தா உங்களுக்குத் தொந்தரவு வரும்" என்றாள்.

"வரட்டுமே. எனக்கும் வீட்ல பேச ஆள் இல்ல" என்றார் டீச்சர்.

அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய சாப்பாட்டுப் பை கனத்தது. டப்பாவுக்கு அடியில் ஒருநாள் ஒரு புடவை இருக்கும். இன்னொரு நாள் ரவிக்கைகள், ஒரு கத்தரிக்கோல், அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழ். எல்லாவற்றையும் அவள் என் பக்கம் நகர்த்துவாள். நான் என் பையில் போட்டுக்கொள்வேன். மறுநாள் காலையில் வண்டியிலேயே டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். நேராக டீச்சரிடமே கொடுத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அந்த மாதிரிச் சுற்றிவளைத்துக் கடத்துவதில்தான் எனக்கு ருசி. எனக்கு இருபது வயது.

ஒருநாள் என் பையை அம்மா பிரித்துவிட்டாள். "இன்னாடி இது, யாரு பொடவ? நம்மூட்டுது இல்லியே!" என்று கேட்டாள். ஒரு கதைக்காக என்று உளறினேன். அம்மா நைனாவிடம் ஓடி, பெண் ஏதோ நாடகத்தில் நடிக்கப் போகிறது என்று அழுதாள். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நடிச்சா நல்லா நடிக்கச் சொல்லு" என்றார்.

நாள் குறித்தது நாங்கள் இல்லை, அவள். ஒரு காலையில் வண்டியில் ஏறியதும், "கதைல வர்றவ இன்னிக்கி சாயங்காலம் எறங்க மாட்டா" என்றாள். எனக்கு அன்று அலுவலகத்தில் ஒரு எழுத்தும் சரியாக அடிக்க வரவில்லை.

சாயங்கால வண்டியில் எங்கள் கூட்டத்தில் வழக்கமாக நானும் அவளும் மட்டும்தான் வருவோம். டீச்சர் அதற்கு முந்தின வண்டியில் போய்விடுவார். நண்டு அக்கா மத்தியானமே வீடு திரும்பிவிடுவாள். அன்று நண்டு அக்கா காலிக் கூடையோடு பேசின் பிரிட்ஜில் எங்களுக்காகக் காத்திருந்தாள். திருவொற்றியூரில் டீச்சர் ஏறினார். பெட்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. 

மீஞ்சூர் வந்தபோது வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. பிளாட்பாரத்தில் அவன் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பார்த்தால் யாரும் நல்ல மனிதன் என்றுதான் சொல்வார்கள்.  மீஞ்சூர் அக்கா பெஞ்சுக்குக் கீழே, எங்கள் கால்களுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். என் முழங்காலைப் பிடித்திருந்த அவள் கை குளிர்ந்து கிடந்தது. டீச்சர் ஜன்னலை மறைத்து எழுந்து நின்றார். நானும் நின்றேன். எங்களைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொரு ஜன்னலாக அடைத்துக்கொண்டு நின்றார்கள். கதவை அடைத்து நண்டு அக்காவும் கூடையும்.

அவன் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னை அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். "ஏங்க, உங்ககூட வருவாங்களே, வரலீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான்.  நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அவன் கதவுப் பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

நண்டு அக்கா ஸ்டேஷனே அதிர எழுந்தாள். "யோவ்! இன்னாய்யா பொம்பளைங்க பெட்டில தலைய வுட்டுப் பாக்குற? அக்கா தங்கச்சி கூடப் பொறக்கலியா நீ? பாருங்க சாமி இந்த ஆள!"

பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய முகம் சிவந்துவிட்டது. "இல்லீங்க, எங்க ஊட்ல..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். நல்ல பெயர் கெடுவதைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவன் அவன். எஞ்சின் ஊதியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவன் நின்ற இடம் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

"வண்டி போவுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"போவுதுடி யம்மா, போவுது" என்று சொல்லி நண்டு அக்கா காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேளம்போலத் தட்ட ஆரம்பித்தாள். பெட்டி மொத்தமும் கை தட்டியது. கவரப்பேட்டை அம்மாவின் மருமகள் ஒருத்தி அன்று இருந்தாள், அவள் எல்லோருக்கும் வேர்க்கடலை கொடுத்தாள். மீஞ்சூர் அக்கா எழுந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்தாள். மீஞ்சூருக்கு வடக்கே இந்தப் பக்கம் அவள் தனியாகப் போனதே இல்லையாம். "இங்க இவ்ளோ ஏரி கீதா?" என்று கேட்டாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. எப்படியோ விசாரித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுடைய அண்ணனையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். டீச்சர் பதில் சொல்லப் போனார். மீஞ்சூர் அக்கா அவரைத் தாண்டி வெளியே வந்து படியில் நின்றாள்.  

"நான் வர்ல" என்றாள்.

அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கம்பக்கம் இன்னா சொல்லும்னு நெனச்சிப் பாத்தியா?"

"அக்கம்பக்கம் இங்கதாண்ணா நிக்குது. நீயே கேளு."

உண்மையாகவே தெரு முழுக்க நின்றது. அவன் வரப்போவது முதல்நாளே தெரிந்துவிட்டதால், நண்டு அக்கா பழவேற்காட்டிலிருந்து தன்னைப் போலவே கூடை சுமக்கும் பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். அண்ணன் அவர்களைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பிறகு மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். கணவன் அதற்குப் பிறகும் ஓரிரு முறை வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனான். கோர்ட்டில் விவாகரத்து வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஆனால் அந்த வாசற்படியை அவன் மிதிக்கவே இல்லை. சில மாதங்களில் அண்ணன் மட்டும் வந்து, அம்மாவை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போனான்.

தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்த வாரம், அதை வண்டியில் படிக்கக் கூடாது, நிதானமாகப் படிக்கவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பொன்னேரியில் கூடினோம். நண்டு அக்கா கூடை நிறைய நண்டு கொண்டுவந்திருந்தாள். மிளகு அரைத்துப் போட்ட குழம்பு அடுப்பில் கொதித்தது. வாசனை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். டீச்சர் படித்தார்.

டாக்டருக்குக் காய்ச்சல் வருகிறது. தப்பிப்போன மனைவிக்கு அது தெரிகிறது. திரும்பி வருகிறாள். கண் விழித்துப் பணிவிடை செய்கிறாள். அவர் கண்ணீர் விட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். முற்றும்.

"இன்னாது?" என்றாள் நண்டு அக்கா. "இதுக்கா இத்தினி வாரம் ஒக்காந்து கேட்டேன்? நான் அப்பவே சொல்லல, இது ஆம்பள எழுதுனதுன்னு!" அவளுக்கு வந்த கோபத்தில் அந்த எழுத்தாளர் மட்டும் எதிரே இருந்திருந்தால் நண்டுக்குப் பதில் அவரைத்தான் உடைத்திருப்பாள். டீச்சரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சுத்த மோசம்" என்றார். நான் காய்ச்சலிலேயே அவரைச் சாகடித்திருக்கலாம் என்றேன்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மீஞ்சூர் அக்கா குழம்புக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "காச்சலாம்! கையப் புடிச்சிக்கினானாம்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

"அவரு எழுதுனத வுடுங்க. நான் சொல்றேன் முடிவு" என்றாள் மூச்சு வாங்கியபடி. "அவ காலைல எழுந்துக்குறா. காபி போட்டுக்குறா. சூடா இருக்கும்போதே குடிக்கிறா. நடுவுல யாரும் கூப்புடல. அவ்ளோதான்."

"ஒரு காபிக்கா இம்மாம் பாடு?" என்றாள் நண்டு அக்கா.

"ஆமா" என்றாள் அவள்.

அடுத்த தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆவடியில் வேலை பார்க்கும் பையன். தனியாகப் பேசச் சொன்னபோது, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், "கோவம் வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் திடுக்கிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "தெருமுனை வரைக்கும் நடந்துபோய் ஒரு டீ குடிப்பேங்க" என்றார். அதை வியாழக்கிழமை பெட்டியில் வைத்து விவாதித்தோம். டீச்சர் நல்ல பதில் என்றார். நண்டு அக்கா, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு என்ன செய்வார் என்றும் கேட்டிருக்கவேண்டும் என்றாள். மீஞ்சூர் அக்கா என் கல்யாண ரவிக்கைக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவர் நிறையவே டீ குடித்தார். நானும் சில நாள் கூடப் போய்க் குடித்திருக்கிறேன்.

மீஞ்சூர் அக்கா கொஞ்ச காலத்தில் பொன்னேரியிலேயே ஒரு சின்னத் தையல் கடை போட்டாள். எழுபதுகளின் முடிவில் எங்கள் ஊர்ப்பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தபோது, தொழிலாளர்களுக்குக் காக்கி உடுப்பு தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கடையில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு கடையிலேயே உட்கார்ந்து, மிஷின் சத்தத்துக்கு மேல் அவர்களுக்குத் தொடர்கதை படித்தார். வழக்கு முடிந்த பிறகு, நல்ல மாப்பிள்ளை ஒருத்தன் இருக்கிறான் என்று நண்டு அக்கா அவளை விடாமல் நச்சரித்தாள். ஒருமுறை நான் எதிரே இருக்கும்போதே கேட்டாள்.

"கத இப்ப நல்லாப் போய்க்கினு கீதுக்கா" என்றாள் மீஞ்சூர் அக்கா, மிஷினிலிருந்து தலையை எடுக்காமல். "இன்னாத்துக்குப் புது ஆள உள்ள வுடணும்?"

 நண்டு அக்கா அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, டீச்சரைப் பார்த்து, நிறுத்தின இடத்திலிருந்து படிக்கச் சொன்னாள்.